வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கடிதங்கள்

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மெத்தைக்காரர் போன் செய்தார். அவள் அப்போது ஒரு பேக்கரிக்காரருக்கு வேலை நியமனக் கடிதம் எழுதி முடித்துவிட்டு, மாவு பிசையும் ஆளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதைத் தடித்த எழுத்தில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் மெல்லிய எழுத்தில் இருப்பதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

"மேடம், வழக்கமா நான் சார்கிட்டதான் பேசுவேன். இது வரி விஷயம் இல்ல, ஆள் விஷயம். அதான் சார் உங்ககிட்ட பேசச் சொன்னார்."

"சொல்லுங்க."

"தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளரா ஒருத்தரை எடுத்தேன். ஆறு மாசம் புரொபேஷன். வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. அது தாண்டிட்டா ஆள் நிரந்தரம், அப்புறம் அசைக்க முடியாதுன்னு சொல்றாங்க. அதுக்குள்ள நிறுத்திடணும். ஒரு கடிதம் அடிச்சுக் கொடுங்க. வியாழக்கிழமை கிடைச்சாப் போதும்."

அவள் கையிலிருந்த பேனா நின்றது. மெத்தைக்காரரின் பட்டறையில் தையல் பிரிவு ஒன்றுதான். அதற்கு மேற்பார்வையாளரும் ஒருவர்தான். அவர் அவளுடைய அக்காவின் கணவர்.

ஒரு நகல் கடையின் மாடியில் இரண்டு அறை, அதுதான் அலுவலகம். வரி, சம்பளப் பட்டியல் எல்லாம் முன்னறையில் இருக்கும் கணக்காளர் பார்ப்பார். ஆள் எடுப்பது, நிறுத்துவது, வேலை நேரம், விடுப்பு, இந்த வில்லங்கமெல்லாம் பின்னறையில் இவள். தொழிலில் பங்கு போட்டவர்கள் என்பதால் ஒருவரையொருவர் பங்காளி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். பங்காளி என்றாலே சண்டைக்காரர்கள் என்று அர்த்தமாகிவிட்ட உலகத்தில், இவர்கள் பதினான்கு வருஷத்தில் மின்விசிறியின் வேகத்துக்காக மட்டும்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். மெத்தைக்காரர் பங்காளியின் வாடிக்கையாளர். வரி கட்டுவதோடு சரி, ஆள் விஷயமாக ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை.

அத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது அவளுக்கு முதல் நாளே தெரியும். பதினேழு வருஷம் இருந்த சட்டைக் கம்பெனி மூடியபிறகு, ஐம்பத்திரண்டு வயதில், விளம்பரத்தைப் பார்த்து அவராகவே போய் நின்று வாங்கிய வேலை. "உங்க ஆபீஸ் பேரை அங்க எடுக்காதே. கொழுந்தியா சிபாரிசுல வந்தவன்னு யாரும் சொல்லக்கூடாது" என்றார். ரோஷக்காரர். அவளும் சரியென்று வாயை மூடிக்கொண்டாள். பங்காளியிடம்கூடச் சொல்லவில்லை. வரி விஷயம்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன காரணத்துக்காக நிறுத்தறீங்க?"

"மூணு மாசமா மெத்தை உறை திரும்பி வருது. கோணல் தையல். நூல் விட்டுப்போனது. எல்லாத்தையும் அவர் சரின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கார். ஆள் நல்லவர், நேரத்துக்கு வர்றார். ஆனா வேலை இப்படி."

இப்படி ஒரு கேள்வி வந்தால் அவள் தூக்கத்தில்கூடத் திருப்பிக் கேட்பது மூன்று. அந்த மூன்றும் தாமாகவே வாயில் வந்தன. "குறையை எழுத்துல கொடுத்திருக்கீங்களா? கூப்பிட்டு உட்காரவெச்சு ஒரு தடவையாவது பேசினீங்களா? ஏன் இப்படி ஆகுதுன்னு அவரைக் கேட்டீங்களா?"

"எழுத்துல எல்லாம் இல்ல. ரெண்டு தடவை சத்தம் போட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அவ்வளவுதான்."

அடுத்து அவள் சொல்லியிருக்க வேண்டியது எளிது. புரொபேஷன் என்றாலும் வாய்ப்புக் கொடுக்காமல் நிறுத்தினால் நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். முறையாக ஒரு கூட்டம் வையுங்கள். தேவைப்பட்டால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு காலத்தை நீட்டிக்கலாம். நூறு பேருக்குச் சொன்ன பதில். ஆனால் நாக்கு நுனிவரை வந்தது அங்கேயே நின்றது. இது மெத்தைக்காரருக்காக வரும் பதிலா, அத்தானுக்காக வரும் பதிலா?

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

"உடனே சொல்லுவீங்கன்னு சார் சொன்னாரே."

"நாளைக்குக் காலையில."

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் கடிதத்தில் தேதியைத் தப்பாகப் போட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், சத்தமாக இருக்கிறதென்று சாத்தினாள், புழுக்கமாக இருக்கிறதென்று மறுபடி திறந்தாள். பங்காளி அன்றைக்கு வரி அலுவலகத்தில் ஒரு விசாரணைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருடைய போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம் என்பதையும் மறக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு, வெயில் இன்னும் எதிர்ச் சுவரில் இருக்கும்போதே, அக்கா வந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவிலிருந்து நேராக வருகிறாள் என்பது அவள் மேல் அடித்த சூட்டுத் துணி வாசனையிலேயே தெரிந்தது. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தாள்.

"ஒரு லெட்டர் எழுதிக் கொடு. வேலையை விடறேன்."

"என்ன இப்படித் திடீர்னு?"

"திடீர்னா? பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே இஸ்திரி போடறேன். என் இடுப்பைக் கேளு, அது சொல்லும் திடீரா இல்லையான்னு. அவருக்கு வெள்ளிக்கிழமையோட வேலை நிரந்தரம். புதன்கிழமைக்குள்ள கொடுத்தாத்தான் இந்த மாசக் கடைசியோட வெளியே வர முடியும். நீ நல்லா இங்கிலீஷும் மண்ணுமா நாலு வரி எழுது. நான் எழுதினா ஏதோ சண்டை போட்டுட்டுப் போறவ மாதிரி இருக்கும்."

மேஜையின் மீது, மெத்தைக்காரர் கேட்ட கடிதத்துக்காக எடுத்து வைத்த வெற்றுத் தாள் இருந்தது. அதையே அக்கா அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உறுதிக் கடிதம் அத்தான் கைக்கு வரட்டும். அப்புறம் கொடு."

"அது வெள்ளிக்கிழமை வந்துடும்."

"அப்ப சனிக்கிழமை கொடு."

"ஒரு மாசம் தள்ளிப் போயிடும்டி."

"போகட்டும். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கையில கடிதம் வராம இருக்கிற வேலையை விடாதீங்கன்னு."

"நான் யாரோ இல்ல."

"அதனாலதான் ரெண்டு தடவை சொல்றேன்."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட மார்க்கை மறைத்தபோது பார்த்த அதே பார்வை. "உன் மூஞ்சி சரியில்லையே. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தலைவலி" என்றாள். அது பொய் இல்லை. காலையிலிருந்தே வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அக்கா எழுந்தாள். "சரி. நாலு வரி எழுத எனக்கும் கை இருக்கு." படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பங்காளி வந்து பையை வைப்பதற்குள் அவள் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ஆறு மாசமா தெரியும்?"

"தெரியும்."

"வேற யாராவது ஆபீஸ்ல இப்படிப் பண்ணிட்டு உன்கிட்ட வந்து கேட்டா என்ன சொல்வே?"

"முதல் நாளே சொல்லியிருக்கணும்னு சொல்வேன்."

"அப்புறம் என்ன, நான் தனியா சொல்ல ஒண்ணும் இல்ல." அவர் குரல் உயரவில்லை. அதுதான் உறைத்தது. "இனிமே இந்த விஷயத்துல நீ இல்ல. நான் பார்க்கறேன். மெத்தைக்காரர்கிட்டயும் உறவைச் சொல்லிடறேன். வேற ஆபீசுக்குப் போறேன்னா போகட்டும். நீ என்கிட்ட ஒண்ணும் கேக்காதே. உன் வீட்டுலயும் ஒண்ணும் சொல்லாதே."

"கடிதம் அடிக்கப் போறீங்களா?"

"இப்பதான் சொன்னேன், கேக்காதேன்னு."

அவளே ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்று. ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவளுக்கு அந்த இரண்டு வரி மூன்று தாளைத் தின்றது.

மெத்தைக்காரர் போகவில்லை. ஆனால் இனி ஆள் விஷயமாக இருந்தாலும் சாரிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். இந்த ஒன்றை மட்டும் பங்காளி அவளிடம் சொன்னார். நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றினாலும் சுருக்கென்றது.

புதன்கிழமை பங்காளி பட்டறைக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? நிறுத்தும் கடிதம் என்றால் ஒரு பக்கம் போதும். அவள் சத்தத்தை எண்ணத் தொடங்கி, தன்னையே திட்டிக்கொண்டு, டீ வாங்கப் படியிறங்கினாள். அரைமணி முன்னால் குடித்த டீயின் கோப்பை மேஜையிலேயே இருந்தது.

படியில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. அக்கா. "கொடுத்துட்டேன். நானே எழுதினேன். நல்லாத்தான் வந்திருக்கு." குரலில் ஒரு விடுதலை இருந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. "அவருக்கு ஒரு தாள் கொடுத்திருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டமாம். வேலையில குறை இருக்காம், பேசணுமாம். கூட ஒருத்தரை அழைச்சுக்கிட்டு வரலாம்னு போட்டிருக்கு. நீ வா. உன்னை விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"நான் வர முடியாதுக்கா."

"ஏன், லீவு கிடைக்காதா?"

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. தாள் அவர் கைக்குப் போய்விட்டது. "அந்தப் பட்டறைக்கு ஆலோசனை சொல்றது எங்க ஆபீஸ்தான். நான் அவர் பக்கம் உட்கார முடியாது."

மறுமுனையில் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அக்கா மெதுவாகச் சொன்னாள். "திங்கட்கிழமை நான் வந்தப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் தலைவலின்னே."

"விடாதேன்னு சொன்னேனே அக்கா."

"ஆமா. ஊர்ல யார் வந்து கேட்டாலும் சொல்றதைச் சொன்னே." போன் வைக்கப்பட்டது.

இரண்டரை மணிக்கு அத்தான் வந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம் விநோதமாக இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு படியின் விளிம்பையும் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலைத் தூக்கினார். மேலே வந்ததும் இரண்டு கதவில் எது அவளுடையது என்று தெரியாமல், பெயர்ப் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இருபது தடவையாவது வந்த இடம்.

"அத்தான், உங்க கண்ணுக்கு என்ன?"

அவர் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். "புரை. ரெண்டு கண்ணுலயும். போன மாசம் காட்டினேன். வெள்ளைத் துணியில வெள்ளை நூல் பாரு, ஜன்னல் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஒரு மாதிரி தெரியுது. மூணு மணிக்கு மேல விரலால தடவிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடறேன். பாதி தையலை விரல் கண்டுபிடிக்குது. மீதிதான் திரும்பி வருது."

"அங்க சொல்லலையா?"

"குருடனை யாரும்மா நிரந்தரம் பண்ணுவாங்க? வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அப்புறம் ஆபரேஷனுக்கு லீவு கேட்கலாம்னு இருந்தேன்."

"அக்காவுக்கு?"

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தா வேலையை விட்டிருக்கமாட்டா. அவ இடுப்பை நீ பார்த்தேல்ல."

அவளுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து கதவுவரை போய்த் திரும்பினாள். நாளைக்கு இதை அப்படியே சொல்லுங்கள், உடம்புக் கோளாறு என்று தெரிந்தால் முதலாளி முதலில் அதற்கு என்ன செய்ய முடியும் என்றுதான் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லலாமா? எதிர்த் தரப்பின் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஆனால், பங்காளி இத்தனை வருஷம் கட்டிய பெயர் அவளால் போகும். சொல்லாவிட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

அலமாரியிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். தொழிலாளர் அலுவலகத்தின் இலவச ஆலோசனை நேரம் அச்சடித்த தாள். வருகிற எல்லாருக்கும் கொடுப்பதுதான்.

"அத்தான், நான் உங்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. இங்க போங்க. மூணரை வரைக்கும் ஆள் இருப்பாங்க. பத்து நிமிஷ நடை. ஆனா நீங்க நடக்க வேண்டாம், வண்டி பிடிங்க. என்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னொண்ணு. இது ஆபீஸ் பேச்சு இல்ல, கொழுந்தியா பேச்சு. இன்னைக்கே அக்காகிட்ட சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் மறைச்சு மறைச்சு, கடைசியில ரெண்டு சம்பளமும் போயிடும் போலிருக்கு."

அவரை வண்டியில் ஏற்றிவிட்டு வந்தவுடன் பங்காளியின் கதவைத் தட்டினாள். "அத்தான் வந்தார். தொழிலாளர் ஆபீஸ் தாளைக் கொடுத்து அனுப்பினேன். வேற ஒண்ணும் சொல்லல. அவர் என்கிட்ட சொன்னது ஒண்ணு இருக்கு, அதை உங்ககிட்டயும் சொல்லப் போறதில்ல."

பங்காளி நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உட்காரு, நிக்கறதைப் பார்த்தா எனக்கே கால் வலிக்குது" என்றார். அவள் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பங்காளி போன பிறகு அவள் செய்த வேலை என்று ஒன்றும் கிடையாது. பழைய கோப்புகளைக் கீழே இறக்கித் தூசி தட்டி, அதே இடத்தில் அடுக்கினாள். நகல் கடைக்கு மூன்று தடவை இறங்கினாள், மூன்றாவது தடவை கடைக்காரர், "என்ன மேடம், நகல் எடுக்கணுமா, சும்மா வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். பத்து. பத்தே கால். பத்தே முக்கால். கூட்டம் நீண்டால் நல்லதா கெட்டதா என்று நூறு கூட்டம் பார்த்த அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அத்தானே கூப்பிட்டார். ராத்திரியே விஷயம் தெரிந்துவிட்ட அக்கா கூடப் போயிருக்கிறாள். முதல் அரைமணி நேரம் திரும்பி வந்த உறைகளை ஒவ்வொன்றாக மேஜையில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் பங்காளி, ஏன் இப்படி ஆகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அத்தான் ஒரு உறையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அக்காதான் அவர் சட்டைப் பையிலிருந்து கண் டாக்டரின் சீட்டை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள்.

"மெத்தைக்காரர் அதை ரெண்டு தடவை படிச்சார். அவங்கப்பாவுக்கும் இதேதானாம். வெளியே போய் உன் பங்காளிகிட்ட பேசிட்டு வந்தார். நாலு மாசம் நீட்டிச்சிருக்காங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனுக்கு லீவு உண்டு, சம்பளம் கிடையாது. அதுவரைக்கும் என் மேஜையை ஜன்னல்கிட்ட போடறாங்க. மூணு மணிக்கு மேல சோதனை வேற ஆள். வாரா வாரம் எழுத்துல கணக்கு. அதுலயும் குறை வந்தா நிறுத்துவோம்னு தெளிவா போட்டிருக்கு."

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா." அவர் போனை அக்கா பக்கம் நீட்டுகிற சரசரப்பு கேட்டது. "பேசமாட்டேங்கிறா."

அக்காவின் ராஜினாமாக் கடிதம் மேலிடத்துக்குப் போகவில்லை. சலவைப் பிரிவு மேலாளரின் மேஜையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விட்டார்கள். ஆனால் காலை ஷிப்டை அதற்குள் இன்னொருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி மத்தியானம் தொடங்கும் ஷிப்ட்தான். இதெல்லாம் அத்தான் மூலமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்கா நாற்காலியைக் காட்டினாள், வார்த்தை கொடுக்கவில்லை. ஆறு வாரம் அப்படியே போயிற்று. பங்காளி அதற்குள் ஒரு புதிய பட்டியல் தயார் செய்தார். வாடிக்கையாளர்கள் யாரிடமெல்லாம் தங்கள் உறவுக்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லாரும் எழுத வேண்டும். எல்லாரும் என்றால் அவரும் இவளும்தான். அவர் முதல் வரியில் தன் சித்தப்பா மகனை எழுதி, "எனக்கும் ஒருத்தன் இருந்தான், மறந்தே போச்சு" என்றார்.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டபோது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள், மடியில் பிளாஸ்டிக் உறைகளோடு.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். அக்கா அவளைப் பார்க்காமல் அந்தப் பெண்களிடம்தான் பேசினாள். "இவதான் என் தங்கச்சி. வீட்டுல சொல்ல வேண்டியதை வீட்டுல சொல்லமாட்டா. ஆனா ஆபீஸ்ல கேட்டா சரியாச் சொல்வா." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "இவங்க என்னோட புது ஷிப்ட். மூணு வருஷமா தற்காலிகம்னே வெச்சிருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் நிறுத்தி, மறுநாள் புதுசா சேர்த்த மாதிரி தாள் கொடுக்கறாங்க. காலை ஷிப்ட்ல இருந்த வரைக்கும் எனக்கு இது தெரியவே தெரியாது. இது சரிதானா?"

மூத்த பெண் உறையிலிருந்து தாள்களை எடுத்துப் பரப்பினாள். ஒரே எழுத்து, ஒரே கையெழுத்து, வேறு வேறு தேதி. பன்னிரண்டு தாள்.

"ஒரு நிமிஷம்" என்று அவள் எழுந்தாள்.

"எங்க போறே?"

"இந்தத் தாளைக் கொடுத்தவங்களுக்கு நம்ம பங்காளி கணக்கு பார்க்கறாரான்னு கேட்டுட்டு வர்றேன். பார்த்தா நான் இதைத் தொட முடியாது."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறெதுவா என்று சொல்ல முடியவில்லை. "கேட்டுட்டு வா. நாங்க எங்கயும் போகல."

பங்காளி தன் வாடிக்கையாளர் பட்டியலைப் புரட்டிவிட்டு இல்லையென்று தலையாட்டினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த மூத்த பெண்ணின் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல் முதலா எந்தத் தேதியில சேர்ந்தீங்க, சொல்லுங்க" என்றாள்.